ஊர்ப் பெண்களின் வரலாற்றைத் தேடும் மகளிர் குழு: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, இனிப்பு வழங்கி, பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி நடத்தும் மகளிர் மன்றங்கள் நம் ஊர்களில் ஏராளம். வேலு நாச்சியார் வேடத்தில் ஒரு சிறுமி வாளோடு நிற்பாள். பக்கத்தில் ஜான்சி ராணி நிற்பாள். அதே ஊரில் 1930-இலோ 1942-இலோ சிறை சென்ற பெண் யார், கள்ளுக்கடை மறியலில் நின்றவர் யார், தலைமறைவாக இருந்தவர்களுக்குச் சோறு போட்டது எந்த வீடு என்று கேட்டால், மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியாது, கீழே இருப்பவர்களுக்கும் தெரியாது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட விரும்பும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். வரலாற்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்களே ஏன் செய்ய வேண்டும்

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில், ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஆனாலும் வழி நெடுகச் சோறு கிடைத்தது. மரக்கிளைகளில் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். நடந்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்கும். அந்தச் சோற்றைப் பொங்கியவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

ருக்மிணி லட்சுமிபதியின் பெயர் நிலைத்தது. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர். 1946-இல் சென்னை மாகாணத்தின் அமைச்சரும் ஆனார். அவரைப் போலப் படிப்பும் பதவியும் வாய்க்காத பெண்கள் அரசாங்கக் காகிதத்தில் ‘இன்னாரின் மனைவி’ என்ற அளவில் நின்றுபோனார்கள். அவர்களைப் பற்றி மிச்சமிருக்கும் செய்தி வீட்டுக்குள் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தால் திண்ணையில் நாற்காலி போட்டு வீட்டின் மூத்த ஆண் பேசுவார். பாட்டி காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நாம் அந்தப் பாட்டியின் பின்னாலேயே அடுப்படி வரை போகலாம், கீரை ஆய்ந்துகொண்டே பேச்சை வளர்க்கலாம். இந்த ஓர் உரிமைக்காகவே இது பெண்கள் கையில் இருக்க வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

குழுவைக் கூட்டுதல்

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளைப் பங்கிடுவதில் முதல் கூட்டத்தைச் செலவழிக்காதீர்கள். பதவிக்காக வந்தவர்கள் மூன்றாம் மாதம் காணாமல் போவார்கள். ஆட்களை வேலையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் தயக்கமின்றிப் போகக்கூடியவர் ஒருவர் வேண்டும். சுய உதவிக் குழுவில் இருப்பவரோ, சத்துணவு அமைப்பாளரோ, ஓய்வு பெற்ற கிராம செவிலியரோ இதற்குப் பொருத்தம். எந்த வீட்டில் எத்தனை வயதில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். தெளிவான கையெழுத்துள்ள ஒருவர், கைப்பேசியையும் கணினியையும் நன்றாகக் கையாளும் ஒரு கல்லூரி மாணவி, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர். ஆங்கிலக் கோப்புகளை வாசிக்கக்கூடிய ஓய்வு பெற்ற ஆசிரியை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கூடும் இடத்தில் கவனம் தேவை. ஒருவர் வீட்டுக் கூடத்திலோ ஒரு சமூகத்தின் மண்டபத்திலோ கூடினால், அங்கே வர முடியாதவர்கள், வரத் தயங்குபவர்கள் யார் என்று யோசியுங்கள். ஊர்ப்புற நூலகமும் அரசுப் பள்ளி வகுப்பறையும் எல்லோருக்கும் பொதுவானவை. காலனித் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லாத குழு எழுதுவது ஊர் வரலாறு ஆகாது. நாலு குடும்பங்களின் பெருமையாகத்தான் முடியும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் கூட்டத்திலேயே எல்லாத் தெருவும் இருக்கட்டும்.

அடுத்து எல்லை. ‘நம் மாவட்டப் பெண்களின் வரலாறு’ என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். ஒரு பேரூராட்சி, அல்லது அதில் நாலைந்து தெருக்கள். காலம் 1920 முதல் 1950 வரை. இவ்வளவு போதும். இந்த முப்பது ஆண்டுகளை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அதனால் தெருக்கணக்கை விட வயதுக்கணக்குதான் முக்கியம். ஊரில் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களின் பட்டியலை முதல் வாரமே எழுதுங்கள். மூத்தவரிடம் முதலில் போங்கள்.

வீட்டுக்குள் என்ன தேடுவது

‘பழைய ஆவணம் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ‘ஒன்றும் இல்லையம்மா’ என்ற பதில்தான் வரும். ஆவணம் என்றால் பத்திரம், பட்டா என்றே மக்கள் நினைக்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பாத்திரத்தில் தொடங்கலாம். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். பழைய பித்தளை அண்டாவையும் தவலையையும் கவிழ்த்துப் பார்த்தால் கொடுத்தவர் பெயர், ஊர், சில சமயம் தேதியும் இருக்கும். வேறு எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு பெண்ணின் பெயர் அவள் சீராகக் கொண்டுவந்த குடத்தின் கழுத்தில் இருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும். கோயிலில் ‘உபயம்’ என்று பொறித்த குத்துவிளக்கு, படிக்கல், மணி ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். ஈயம் பூசிப் பூசி எழுத்து மங்கியிருந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். மாலை வெயிலில் சாய்வாகப் பிடித்துப் படம் எடுத்தால் எழுத்து தெரியும்.

மொய் நோட்டு இன்னொரு புதையல். ஒரு கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள் என்ற முழுக் கணக்கு அதில் இருக்கிறது. இன்று தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள் 1940-களில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதை அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக நோட்டு ஆகியவற்றையும் கேளுங்கள்.

ஜாதகத்திலும் பழைய கடிதங்களிலும் ஆண்டு தமிழ்ப் பெயரில் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ஒரே பெயர் மறுபடி மறுபடி வரும். சர்வஜித் என்றால் 1887 ஏப்ரலில் தொடங்கியதா, 1947-இல் தொடங்கியதா, 2007-இல் தொடங்கியதா என்று மற்ற விவரங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உப்புச் சத்தியாகிரகம் நடந்தது பிரமோதூத வருடத்தில். 1942-இன் ஆகஸ்ட் புரட்சி சித்திரபானுவில். சுதந்திரம் வந்தது சர்வஜித்தில். இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது தியாகி ஓய்வூதியக் கோப்பு. சுதந்திர வெள்ளி விழா ஆண்டான 1972-இல் மத்திய அரசு தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரம் வழங்கியது. ஓய்வூதியத் திட்டமும் அப்போது தொடங்கி 1980-இல் விரிந்தது. தாமிரப் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். கோப்பு பரணில் கிடக்கும். கோப்பைக் கேளுங்கள். பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் இருந்தால்தான் ஓய்வூதியம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும் என்று விதி இருந்தது. சிறைச் சான்று கிடைக்காதவர்கள் உடன் சிறையில் இருந்தவர்களிடம் சான்று வாங்கி இணைத்தார்கள். அதனால் ஒரே கோப்பில் வேறு ஊர்களைச் சேர்ந்த தியாகிகளின் பெயர்களும் முகவரிகளும் சிக்கும். கணவர் இறந்த பிறகு மனைவி எழுதிய விண்ணப்பங்களை வரி வரியாகப் படியுங்கள். கணவரின் தியாகத்தைச் சொல்ல வந்தவர், அவர் சிறையில் இருந்த காலத்தில் தான் பிள்ளைகளோடு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியிருப்பார். அந்தப் பெண் தன்னைப் பற்றி எழுதிய ஒரே எழுத்து அதுவாக இருக்கக்கூடும்.

கடலோர, இராமநாதபுர, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குழுக்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ‘ரஜுலா கப்பலில் வந்தவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?’ மலேயாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலின் பெயர் பலருக்கு நினைவிருக்கும். நேதாஜி 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பெண்கள். தளபதியாக இருந்த லட்சுமி சென்னைக்காரர். அவரை உலகுக்குத் தெரியும். அவருக்குக் கீழே துப்பாக்கி பிடித்து அணிவகுத்தவர்களில் சிலர் பிறகு தாயகம் திரும்பி, புடவை கட்டி, வயல் வேலைக்குப் போயிருக்கலாம். அவர்களின் பேத்திகள் நம் ஊர்களில் இருக்கலாம்.

கேட்கும் முறை

‘நீங்கள் பிறந்த தேதி என்ன?’ என்று தொடங்கும் பேட்டி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆண்டுக் கணக்கு நம் பாட்டிகளுக்கு எண்ணில் இல்லை, நிகழ்ச்சியில் இருக்கிறது. ‘பெரிய புயல் அடித்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேளுங்கள். நாகப்பட்டினம் பக்கத்தில் 1952 நவம்பர் புயலும் 1977 நவம்பர் புயலும், இராமேசுவரம் பக்கத்தில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பரும் நல்ல அடையாளங்கள். சென்னைக்காரர்களுக்கு 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரைக் காலி செய்தது நினைவிருக்கும், அல்லது தாய் சொன்னது நினைவிருக்கும். காந்தி வந்தபோது நகையைக் கழற்றிக் கொடுத்த கதை பல குடும்பங்களில் உண்டு. ‘யார் கொடுத்தார், எந்த நகை, வீட்டில் என்ன சொன்னார்கள்?’ என்ற மூன்று கேள்விகளில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

பாட்டுக் கேட்பதும் நல்ல தொடக்கம். காந்தியையும் கதரையும் இராட்டையையும் பற்றிய கும்மிப் பாட்டுகள், தாலாட்டுகள் அந்தத் தலைமுறைக்குத் தெரியும். பேச மறுப்பவர்கள்கூடப் பாடச் சொன்னால் பாடுவார்கள். அடி மறந்து நிற்கும் இடத்தில் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். நிற்கட்டும். பத்து நொடிக்குப் பின் வருவதுதான் அவருடைய பாட்டு.

பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்து ‘அது அப்படியில்லை அம்மா’ என்று திருத்திக்கொண்டிருந்தால், குழுவில் ஒருவர் அவர்களைப் பழைய புகைப்படம் காட்டச் சொல்லி வேறு அறைக்கு அழைத்துப் போகட்டும். இது தந்திரம் போலத் தோன்றலாம். ஆனால் மூத்தவருக்குத் தன் நினைவைத் தன் போக்கில் சொல்ல இடம் கிடைக்க வேண்டும். ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். களைப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். இரண்டாம் முறை போகும்போதுதான் முக்கியமான செய்தி வரும், ஏனென்றால் இடைப்பட்ட நாட்களில் அவர் படுத்துக்கொண்டே யோசித்திருப்பார்.

ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். மின்விசிறியை அணைத்துவிட்டு, கைப்பேசியை அழைப்பு வராத விமானப் பயன்முறையில் (ஏரோபிளேன் மோடு) வைத்து, பேசுபவரின் அருகில் ஒரு துணியின் மேல் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள். ஒப்புதல் தாள் ஒன்று வேண்டும்: என்ன பதிவு செய்கிறோம், எங்கே வைப்போம், எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது. அதை வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். பிற்பாடு குடும்பம் மனம் மாறினால் அதை மதியுங்கள். சில நினைவுகள் வலி மிகுந்தவை. வற்புறுத்திக் கேட்டு வாங்கிய எதையும் நம் குழு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டதைச் சரிபார்த்தல்

இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊர்ப் பெருமை, குடும்பப் பாசம், நாட்டுப்பற்று மூன்றும் சேர்ந்துகொண்டால் கதை வளரும். தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் நாட்டுக்குக் கொடி ஏது?’ என்று வெள்ளை அதிகாரி கேட்டபோது அவர் தன் சேலையைக் கிழித்துக் காட்டினார் என்று மேடைகளில் பேசுகிறார்கள். காந்தி தம் தென்னாப்பிரிக்கப் போராட்ட நினைவுகளில் எழுதியிருப்பது வேறு. நோயில் கிடந்த வள்ளியம்மையிடம், சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று அவர் கேட்டிருக்கிறார். இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த அவளுக்கு இதற்கு மேல் ஓர் அலங்காரம் எதற்கு?

ஆகவே நோட்டில் மூன்று பகுதிகளாக எழுதுங்கள். காகிதத்தில் கண்டது ஒன்று. நேரில் கண்டவர் சொன்னது ஒன்று. வழிவழியாகக் கேட்டது ஒன்று. மூன்றாவதைத் தூக்கி எறிய வேண்டாம். ‘குடும்பத்தார் இப்படிச் சொல்கிறார்கள்’ என்ற முன்குறிப்போடு வைத்திருங்கள். கடலூர் அஞ்சலை அம்மாளைப் பற்றி நமக்குக் கிடைப்பவை இந்த மூன்று வகையிலும் உண்டு. 1927-இல் சென்னையில், 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் ஒன்பது வயது மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றார், மகளுக்கு லீலாவதி என்று காந்தி பெயர் வைத்தார், பின்னாளில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பவற்றைத் தேதியோடு நிறுவ முடியும். கடலூருக்கு வந்த காந்தியை அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ச் சந்தித்தார் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்வது. இரண்டையும் எழுதலாம், ஒரே தொனியில் எழுதக் கூடாது. அந்தச் சிலை 1937-இல் சாலையிலிருந்து அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனதையும் சேர்த்துச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

காகிதச் சான்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முதன்மையான இடம். அனுமதி விதிகளை முன்பே விசாரித்துக்கொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும்: ஊர், ஆண்டு, வழக்கு. பழைய அரசாணைகள், காவல் துறை அறிக்கைகள், தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை அன்றைய அரசு இரகசியமாக மொழிபெயர்த்து வைத்த வாராந்தர அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரே பெண்ணின் பெயரை நாலு குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். அம்மாள் இருக்கும், இல்லாமலும் போகும். அதனால் ஊர்ப் பெயரையும் கணவர் அல்லது தந்தை பெயரையும் வைத்துத் தேடுங்கள். அரசியல் கைதிகளான பெண்கள் பலர் வேலூர்ப் பெண்கள் சிறையில் இருந்தார்கள். எந்த வகுப்புக் கைதி என்ற குறிப்பைப் பார்க்கத் தவறாதீர்கள். படித்த, வசதியான பெண்களுக்கு மேல் வகுப்புகள் கிடைத்தன. ஏழைப் பெண்கள் பெரும்பாலும் ‘சி’ வகுப்பில் இருந்தார்கள்.

கைதானவர்களின் பெயர்களை அன்றைய நாளிதழ்கள் வெளியிட்டன. பழைய இதழ்களைக் கன்னிமாரா நூலகத்திலும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேடலாம். சென்னைக்குப் போக வசதியில்லாதவர்கள் இணையத்தில் உள்ள தமிழ் மின்னூலகத்தில் தொடங்குங்கள். தமிழ்நாடு அரசு முன்பு வெளியிட்ட விடுதலைப் போராட்ட வீரர்கள் விவரத் தொகுதிகளை மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். உள்ளூரில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் பிறப்பு, இறப்புப் பதிவேடும் போதுமான உதவி செய்யும்.

எந்த நாட்டுப்பற்று

குழு நாட்டுப்பற்றை வளர்க்க வேண்டும் என்று விரும்புவது நியாயம். ஆனால் எந்தப் பெண்ணைச் சேர்ப்பது, எவரை விடுவது என்ற கேள்வி சீக்கிரமே வரும். ஈரோட்டில் 1921-இல் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கிய, பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் எல்லாப் பட்டியலிலும் வருவார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக நாம் அறிவோம். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துக் கைக்குழந்தைகளோடு சிறை சென்ற பெண்கள்? காங்கிரசை விட்டு விலகி அந்த அணியில் நின்ற மூவலூர் இராமாமிர்தம்? மதுரை நாடக மேடையிலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்குப் போன ஜானகி அம்மாள்? 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்ததை ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் நம் தெருக்களில் இருக்கின்றன.

இவர்கள் எல்லோரையும் எழுதுங்கள். ஊரை நேசித்து, ஊருக்காகப் பேசி, அதற்கு விலை கொடுத்த பெண்கள் இவர்கள். ஒருவர் கொடியைப் பிடித்தார், இன்னொருவர் அந்தக் கொடியின் கீழ் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். இரண்டையும் வைத்துக்கொள்ள இடமில்லாத குழு விரைவில் ஏதேனும் ஒரு கட்சியின் கிளையாகிவிடும். பிறகு பாதி ஊர் உங்களுக்குக் கதவைத் திறக்காது. தேர்தல் காலத்தில் யார் மேடையிலும் குழுவின் பெயரில் ஏறாதீர்கள்.

கொடியேற்று விழா நடத்தினால் ஒழுங்காக நடத்துங்கள். காவி நிறம் மேலே, நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு, கிழிந்த கொடியோ சாயம் போன கொடியோ கூடாது. 2021 இறுதியில் பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி வந்தது. ஆனால் கதர்க் கொடியை வாங்குங்கள். கையால் நூற்ற பெண்களின் கதையைச் சொல்லும் குழு கையால் நெய்த கொடியை ஏற்றுவது பொருத்தம். பிள்ளைகள் கையில் கொடுத்த காகிதக் கொடிகளை விழா முடிந்ததும் திரும்பச் சேகரியுங்கள்.

மாறுவேடப் போட்டிக்குப் பதிலாகத் தெருநடை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து, இந்த வீட்டில் இவர் இருந்தார், இந்த முச்சந்தியில் மறியல் நடந்தது, இந்தக் கிணற்றடியில் இன்னார் தண்ணீர் எடுக்கத் தடை இருந்தது என்று இடத்திலேயே நின்று சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் பாட்டி ஒருவர் வாசலில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

பொருளைக் காத்தல்

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். இரண்டும் அன்பினால் செய்யும் கேடுகள். பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன புகைப்படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே படம் எடுங்கள். படத்தின் பின்புறம் பெயர் எழுதப் பென்சில் மட்டும். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களாக எண்ணெய் தடவாமல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திடமோ தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திடமோ கேளுங்கள். காகிதப் பெட்டியில் பூச்சி வராமலிருக்க வசம்புப் பொட்டலம் வைப்பது நல்ல பழைய வழக்கம். நடுகல்லோ கல்வெட்டோ கண்டால் சாயம் பூசாதீர்கள், சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பாதீர்கள். நிலத்தில் சிலையோ காசோ கிடைத்தால் தாசில்தாருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூலப்பொருளை வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வராமலிருப்பதே நல்லது. அங்கேயே படியெடுத்துத் திரும்பக் கொடுங்கள். ஸ்கேன் செய்யும் தெளிவு காகிதத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), புகைப்படத்துக்கு 600 டிபிஐ. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, தெரு, குடும்பம், எண் என்ற ஒரே வரிசையைக் கடைப்பிடியுங்கள். தெருவுக்குத் தெரு முறை மாறினால் இரண்டாம் ஆண்டில் எதுவும் கிடைக்காது. மூன்று படிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஒரே தெருவில் உள்ள இரண்டு வன்தட்டுகளும் சேர்ந்தே நனையும்.

பதிவும் பணமும்

முதல் ஆண்டு பதிவு செய்யாமலே வேலை பார்க்கலாம். நன்கொடை வாங்கத் தொடங்கும்போது, அல்லது அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து தேவைப்படும்போது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். துணை விதிகளில் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்: குழு கலைந்தால் சேகரித்தவை யாரிடம் போகும் என்பது. மாவட்ட மைய நூலகம், அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறை, ஆராய்ச்சி நூலகம் என எதுவாக இருந்தாலும் முன்பே பேசி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

முதல் ஆண்டின் இலக்காகப் பன்னிரண்டு பெண்களின் பதிவை வைத்துக்கொள்ளலாம், மாதத்துக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒலிப்பதிவு, எழுத்து வடிவம், புகைப்படம், காகிதங்களின் படிகள், சரிபார்த்த குறிப்பு ஆகியவை ஒரு கோப்பில் சேரட்டும். எழுத்து வடிவத்தை அச்சிடும் முன் அந்த வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘இதை நான் சொல்லவில்லையே’ என்று அவர் சொன்னால் அந்த வரியை அங்கேயே திருத்துங்கள். பிறகு பெரிய எழுத்தில் ஒரு படி அச்சிட்டுக் கட்டி, அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பேத்தியின் பெயரையும் எழுதிக் கொடுத்தால் அது பரணுக்குப் போகாது.